செடியா, விலங்கா? அட்டவணையில் அடங்காத ஒரு கடல் செல்

தாவர செல்லுக்கும் விலங்கு செல்லுக்கும் உள்ள வேறுபாடுகளை எழுதுக. இந்த வினாவைக் கரும்பலகையில் எழுதாத அறிவியல் ஆசிரியர் நம்மில் யாரும் இருக்க முடியாது. நடுவே ஒரு கோடு கிழிப்போம். இடப்பக்கம் செல் சுவர், பசுங்கணிகம், ஒரு பெரிய நுண்குமிழ். வலப்பக்கம் இவை இல்லை, சென்ட்ரியோல் உண்டு. மாணவர்கள் எளிதில் மனப்பாடம் செய்துவிடுவார்கள்; மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும். கத்தரிச் செடியையும் ஆட்டையும் பிரித்தறிய இந்த அட்டவணை போதும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. உலகில் உள்ள எந்த செல்லும் இந்த இரண்டு பத்திகளில் ஒன்றில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று குழந்தைகள் நம்பிவிடுகிறார்கள். பிறகு மேல் வகுப்பில் புரோட்டிஸ்டா என்ற உலகத்தைப் படிக்கும்போது, எதிலும் சேராதவற்றைப் போட்டு வைக்கும் மூட்டையாகவே அது அவர்களுக்குத் தோன்றுகிறது.

அந்த மூட்டையிலிருந்து ஒரே ஓர் உயிரியை எடுத்து, அதன் செல்லை மெதுவாகப் பிரித்துப் பார்ப்போம். டைனோஃபிளாஜெல்லேட் என்பது அதன் பெயர். சுழல்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் சாட்டையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் சேர்ந்து உண்டான பெயர் இது. கடலின் மேல்மட்ட நீரில் மிதக்கும் ஒரு செல் உயிரிகளில் இவை முக்கியமானவை. பெரும்பாலானவை 10 முதல் 100 மைக்ரோமீட்டர் வரை இருக்கும். நாக்டிலூக்கா என்ற ஒன்று மட்டும் 2 மில்லிமீட்டர் வரை வளர்ந்து, வெறும் கண்ணுக்கே சிறு ஜவ்வரிசி போலத் தெரியும். 2019 ஆகஸ்ட் மாதத்தில் சென்னை திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் இரவில் அலைகள் நீல நிறத்தில் ஒளிர்ந்ததும், மக்கள் கூட்டமாகச் சென்று பார்த்ததும் பலருக்கு நினைவிருக்கும். அந்த ஒளிக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது இந்த நாக்டிலூக்காதான்.

இந்த உயிரிகளைத் தாவரவியலாளர்கள் பாசிகளோடு சேர்த்தார்கள். விலங்கியலாளர்கள் புரோட்டோசோவாக்களோடு சேர்த்தார்கள். இரண்டு தரப்பும் பல ஆண்டுகள் தனித்தனியாகப் பெயர் சூட்டி வந்தன. நிபுணர்களுக்கே இந்த நிலை என்றால், 'டீச்சர், இது செடியா விலங்கா?' என்று ஒரு மாணவி கேட்பதில் வியப்பில்லை.

எலுமிச்சம்பழமும் இரண்டு நூல்களும்

வகுப்பில் இந்த செல்லைக் காட்ட ஓர் எலுமிச்சம்பழம் போதும். பழத்தின் நடுவில் சுற்றிலும் ஒரு பள்ளம் கீறிக்கொள்ளுங்கள். அதிலிருந்து கீழ்நோக்கி இன்னொரு சிறு பள்ளம். சுற்றுப் பள்ளத்தில் ஒரு நூலைப் படுக்க வையுங்கள்; கீழ்ப் பள்ளத்தில் இன்னொரு நூலைத் தொங்க விடுங்கள். டைனோஃபிளாஜெல்லேட்டின் வெளித்தோற்றம் ஏறத்தாழ இதுதான். சுற்றுப் பள்ளத்தை இடுப்புப் பள்ளம் என்று சொல்லலாம். அதில் கிடக்கும் கசையிழை நாடா போலத் தட்டையாக, நெளிநெளியாக அலைந்துகொண்டிருக்கும். அது செல்லைச் சுழற்றுகிறது. பின்னால் தொங்கும் கசையிழை செல்லை உந்தவும் திசை திருப்பவும் உதவுகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்போது செல் பம்பரம் போல் சுழன்றபடியே முன்னே செல்கிறது. பல இனங்கள் பகலில் வெளிச்சத்தைத் தேடி மேலே வருவதும், இரவில் சத்துகள் மிகுந்த ஆழத்துக்கு இறங்குவதும் இந்த இரண்டு இழைகளின் வலிமையில்தான். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரி நாள்தோறும் பல மீட்டர் ஏறி இறங்குகிறது என்றால், அதன் உடல் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 50 மைக்ரோமீட்டர் உடல், 5 மீட்டர் தொலைவு: உடல் நீளத்தைப் போல் ஒரு லட்சம் மடங்கு. கணக்கு வகுப்பிலும் இதைப் பயன்படுத்தலாம்.

அடுத்து மேலுறை. பல இனங்களுக்குச் செல்லுலோஸால் ஆன கவசத் தகடுகள் உண்டு. செல்லுலோஸ் என்றவுடன் 'செல் சுவர், ஆகவே தாவரம்' என்று கை உயர்த்துவார்கள். அந்தத் தகடுகள் எங்கே இருக்கின்றன என்று இங்கே நின்று கேட்க வேண்டும். தாவர செல்லில் சுவர், பிளாஸ்மா சவ்வுக்கு வெளியே வீட்டின் சுற்றுச்சுவர் போல நிற்கிறது. டைனோஃபிளாஜெல்லேட்டிலோ பிளாஸ்மா சவ்வுக்கு உள்ளே, அதை ஒட்டினாற்போல் தட்டையான பைகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு தகடு. சட்டைத் துணிக்கு அடியில் பை பையாகத் தைத்து, அவற்றில் தகடுகளைச் செருகியது போல. பொருள் ஒன்றே, கட்டுமானம் வேறு. ஆகவே இதைச் செல் சுவர் என்று எழுதினால் மதிப்பெண் தரக் கூடாது என்பது என் கருத்து. நாக்டிலூக்கா போன்ற சில இனங்களுக்குத் தகடுகளே கிடையாது. அவற்றைக் கவசமற்றவை என்பார்கள்.

இந்தத் தகடுகளின் எண்ணிக்கையும் அடுக்கும் இனத்துக்கு இனம் மாறும். சார்லஸ் கோஃபாய்ட் என்ற அமெரிக்க விலங்கியலாளர் 1909-இல் தகடுகளுக்கு வரிசை எண் இடும் முறையை வகுத்தார். இன்றும் கவசமுள்ள இனங்களை அடையாளம் காண அந்த எண் முறை கைகொடுக்கிறது.

அந்தத் தட்டைப் பைகள் இன்னொரு செய்தியையும் சொல்கின்றன. பாரமீசியத்தின் மேலுறையிலும் இதே வகைப் பைகள் உண்டு. மலேரியாவை உண்டாக்கும் பிளாஸ்மோடியத்தின் சவ்வுக்கு அடியிலும் உண்டு. குளத்தில் நீந்துவது, நம் இரத்தத்தில் நோய் தருவது, கடலில் ஒளிர்வது ஆகிய மூன்றும் ஒரே மூதாதையின் வழித்தோன்றல்கள் என்பதை இந்தப் பைகளும் பின்னாளில் வந்த மரபணு ஆய்வுகளும் உறுதி செய்தன. பாடநூலில் வெவ்வேறு பக்கங்களில் தனித்தனியாக நிற்கும் பெயர்கள் உறவினர்களாகிவிடுவது மாணவர்களுக்குப் பிடித்தமான திருப்பம்.

விதியை மீறும் உட்கரு

என்னைப் பொறுத்தவரை இந்த செல்லில் மிகவும் வியப்பானது உட்கருதான். இதற்கு முன், நாம் வகுப்பில் சொல்வதை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். செல் பிரியாமல் இருக்கும் இடைநிலையில் டி.என்.ஏ. மெல்லிய வலை போலப் பரவிக் கிடக்கும். பிரியும் நேரத்தில்தான் சுருண்டு தடித்துக் குரோமோசோம்களாகத் தெரியும். அந்த டி.என்.ஏ., ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளின் மேல், நூற்கண்டில் நூல் போலச் சுற்றப்பட்டிருக்கும். பிரிதலின்போது உட்கரு உறை மறைந்துவிடும்.

டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றிலிருந்தும் விலகி நிற்கின்றன. அவற்றின் குரோமோசோம்கள் எப்போதும் சுருண்டே இருக்கின்றன. செல் பிரிந்தாலும் பிரியாவிட்டாலும் நுண்ணோக்கியில் தடித்த இழைகளாகத் தெரிகின்றன. ஹிஸ்டோன் சுற்றும் வழக்கமான அமைப்பு அவற்றில் இல்லை. டி.என்.ஏ. இழைகள் அடுக்கடுக்காக, ஒவ்வோர் அடுக்கும் சற்றே திரும்பியவாறு, திரவப் படிகம் போல நெருங்கி அமைந்திருக்கின்றன. செல் பிரியும்போது உட்கரு உறை கலைவதும் இல்லை. உட்கருவை ஊடுருவிக்கொண்டு சைட்டோபிளாசச் சுரங்கங்கள் உண்டாகின்றன. கதிர் இழைகள் அந்தச் சுரங்கங்களின் வழியே செல்கின்றன. குரோமோசோம்கள் உறையின் உட்புறத்தைப் பற்றிக்கொண்டு இரு பக்கமும் பிரிகின்றன. வீட்டைக் கலைக்காமலேயே, நடுவில் வழி விட்டுப் பாகம் பிரிப்பது போன்றது இது.

டி.என்.ஏ. அளவோ இன்னும் மலைக்க வைக்கும். மனித உடல் செல் ஒன்றில் ஏறத்தாழ 6 முதல் 7 பைகோகிராம் டி.என்.ஏ. இருக்கிறது. லிங்குலோடினியம் என்ற ஒரு செல் கடலுயிரியிடம் சுமார் 200 பைகோகிராம். உயிரினம் சிக்கலானதாக ஆக ஆக டி.என்.ஏ. கூடும் என்று நாம் போகிற போக்கில் சொல்லும் விளக்கம் இங்கே உடைந்துவிடுகிறது.

இந்த உட்கருவைப் பார்த்த ஜான் டாட்ஜ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் 1960-களில், இது புரோகேரியோட்டும் அல்ல, யூகேரியோட்டும் அல்ல, இரண்டுக்கும் இடைப்பட்டது என்று கருதி 'மீசோகேரியோட்' என்ற பெயரை முன்வைத்தார். சில பழைய பாடநூல்களில் அந்தச் சொல்லை இன்றும் காணலாம். ஆனால் அந்தக் கருத்து நிலைக்கவில்லை. டைனோஃபிளாஜெல்லேட் முழுமையான யூகேரியோட்; ஹிஸ்டோன் முறை அதன் மூதாதையருக்கு இருந்து, பிறகு கைவிடப்பட்டது என்பதே இன்றைய முடிவு. ஹிஸ்டோன் மரபணுக்கள் இவற்றிடம் இன்னமும் மிச்சம் இருக்கின்றன. ஹிஸ்டோனின் இடத்தில் அமர்ந்திருக்கும் புரதங்களில் ஒன்று வைரஸ்களிடமிருந்து வந்ததாகத் தோன்றுகிறது என்று 2012-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 'மீசோகேரியோட்' என்ற சொல் வினாத்தாளில் வந்தால், அது இன்று கைவிடப்பட்ட கருத்து என்பதையும் சேர்த்தே சொல்லித் தருவது நல்லது.

விதிவிலக்குக்கும் விதிவிலக்கு உண்டு. நாம் முதலில் பார்த்த நாக்டிலூக்காவின் வளர்ந்த செல்லில் குரோமோசோம்கள் இப்படி எப்போதும் சுருண்டிருப்பதில்லை. இனப்பெருக்கச் செல்களாக மாறும்போதுதான் அந்த அமைப்பு தெரிகிறது.

கடன் வாங்கிய பசுங்கணிகம், திருடிய பசுங்கணிகம்

டைனோஃபிளாஜெல்லேட்டுகளில் ஏறத்தாழப் பாதி இனங்களுக்குப் பசுங்கணிகமே இல்லை; அவை பிற உயிரிகளைத் தின்று வாழ்கின்றன. பசுங்கணிகம் உள்ளவற்றிலும் பல இனங்கள், ஒளிச்சேர்க்கையும் செய்துகொண்டு வேட்டையும் ஆடுகின்றன. 'தற்சார்பு', 'பிறசார்பு' என்று எதிரெதிராக எழுதிய இரண்டு ஊட்டமுறைகளும் ஒரே செல்லில்.

அந்தப் பசுங்கணிகத்தின் சவ்வுகளை எண்ணிப் பார்த்தால் ஒரு வரலாறு தெரியும். செடியின் பசுங்கணிகத்துக்கு இரண்டு சவ்வுகள். டைனோஃபிளாஜெல்லேட்டின் வழக்கமான பசுங்கணிகத்துக்கு மூன்று. ஏன் ஒன்று கூடுதல்? பசுங்கணிகம் என்பது ஒரு காலத்தில் தனியே வாழ்ந்த நீலப்பசும்பாசி; அதை ஒரு செல் விழுங்கி, செரிக்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டது. லின் மார்குலிஸ் 1967-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் மெல்ல மெல்ல ஏற்கப்பட்ட கருத்து இது. அப்படி உருவான சிவப்புப் பாசி ஒன்றை, பின்னொரு காலத்தில் இன்னொரு செல் முழுதாக விழுங்கியது. விழுங்கப்பட்டதற்குள் ஏற்கெனவே விழுங்கப்பட்ட ஒன்று. மூட்டைக்குள் மூட்டை கட்டினால் துணியின் அடுக்கு கூடத்தானே செய்யும். பெரிடினின் என்ற செம்பழுப்பு நிறமி இருப்பதால், இந்தப் பசுங்கணிகம் பச்சையாகத் தெரியாமல் பொன்பழுப்பாகத் தெரியும்.

மலேரியா கிருமியிடமும் இந்த விழுங்கலின் மிச்சம் ஒன்று உண்டு. பிளாஸ்மோடியத்துக்குள் ஒளிச்சேர்க்கை செய்யாத, நான்கு சவ்வுகள் கொண்ட ஒரு பழைய கணிகம் இருக்கிறது. அது இல்லாமல் கிருமியால் வாழ முடியாது. பாக்டீரியாவுக்கு எதிரான டாக்சிசைக்ளின் மருந்து மலேரியாவிலும் வேலை செய்வது இதனால்தான்: பாக்டீரியா வழி வந்த அந்தக் கணிகத்தின் புரதத் தயாரிப்பை அது தடுத்துவிடுகிறது. இதைக் கேட்ட பிறகு சவ்வுகளை எண்ணுவது வீண் வேலை என்று எந்த மாணவரும் சொல்வதில்லை.

டைனோபைசிஸ் என்ற இனம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மீசோடினியம் என்ற குறுயிழை உயிரி ஒன்று, கிரிப்டோபைட் எனப்படும் நுண்பாசியைத் தின்று அதன் பசுங்கணிகங்களைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். டைனோபைசிஸ் அந்த மீசோடினியத்தைப் பிடித்து, உறிஞ்சு குழல் போன்ற உறுப்பைச் செருகி உள்ளிருப்பதை இழுத்துக்கொள்ளும். பசுங்கணிகங்களை மட்டும் செரிக்காமல் வைத்து, சில வாரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும். திருடனிடமே திருடுவது. 'திருடின பசுங்கணிகத்துக்கு அட்டவணையில் எந்தப் பக்கம் டிக் போடணும் டீச்சர்?' என்று ஒரு மாணவன் கேட்டான். அந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பாடத்தை ஆண்டுதோறும் எடுக்கிறேன்.

ஒளி எங்கிருந்து வருகிறது

அலை உடையும் இடத்தில் மட்டும் கடல் ஏன் ஒளிர்கிறது? ஒளிரும் இனங்களின் செல்லுக்குள், பெரிய நுண்குமிழின் ஓரமாக, சின்டில்லான் எனப்படும் மிக நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. அவற்றில் லூசிஃபெரின் என்ற பொருளும் லூசிஃபெரேஸ் என்ற நொதியும் உண்டு. டைனோஃபிளாஜெல்லேட்டின் லூசிஃபெரின், வேதி அமைப்பில் பச்சையத்துக்கு நெருங்கிய உறவு. நீர் அசைந்து செல்லின் மேலுறை அழுந்தும்போது, நுண்குமிழின் சவ்வில் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. நுண்குமிழுக்குள் இருக்கும் நீர் அமிலத்தன்மை கொண்டது. அங்கிருந்து ஹைட்ரஜன் அயனிகள் சின்டில்லானுக்குள் பாய, அதன் பி.எச். 8-லிருந்து 6 அளவுக்கு இறங்குகிறது. உடனே நொதி விழித்துக்கொள்ள, லூசிஃபெரின் ஆக்சிஜனேற்றம் அடைந்து நீல ஒளி வருகிறது. எல்லாம் பத்தில் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும். அமிலம், காரம், பி.எச். பாடத்தில் லிட்மஸ் தாளோடு இதையும் ஓர் எடுத்துக்காட்டாகச் சொல்லலாம்.

லிங்குலோடினியம் இரவில்தான் பளிச்சென்று ஒளிரும். ஆய்வகத்தில் எப்போதும் ஒரே மங்கிய வெளிச்சத்தில் வைத்தாலும், வெளியே இரவாக இருக்கும் நேரத்தில் அது ஒளிர்வு கூடியும், பகலில் குறைந்தும் காட்டியது. பியாட்ரிஸ் ஸ்வீனியும் வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் 1950-களில் செய்த இந்தச் சோதனைகள், ஒரே செல்லுக்குள்ளும் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்பதைக் காட்டின.

மன்னார் வளைகுடாவில்

அழகு மட்டும் பேசினால் பாடம் பாதிதான். சூடான கடல்களில் வாழும் நாக்டிலூக்காவின் ஒரு வகைக்குள், ஆயிரக்கணக்கான பச்சை நுண்பாசிகள் உயிரோடு நீந்திக்கொண்டிருக்கும். அது பெருகினால் கடலே பச்சையாகிவிடும். இராமநாதபுரம் கடற்கரையில் இதைப் பூங்கோரை என்கிறார்கள். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில் இப்படிப் பெருகியபோது மீன்கள் செத்து ஒதுங்கின. மண்டபம் அருகே சிங்கில் தீவைச் சுற்றி, நீரில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே போய், பவளங்கள் மடிந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். நாக்டிலூக்கா நஞ்சைச் சுரந்து இதைச் செய்யவில்லை. அளவுக்கு மீறிப் பெருகிய செல்கள் மடிந்து அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. செல்லுக்குள் மிதப்பதற்காகச் சேர்த்து வைத்திருந்த அம்மோனியமும் நீரில் கலக்கிறது.

அன்று மடிந்த பவளங்களுக்குள்ளேயும் இருந்தவை டைனோஃபிளாஜெல்லேட்டுகளே. பவளத்தின் திசுவில் தங்கும்போது அவை கசையிழைகளை விட்டுவிட்டு, உருண்டைச் செல்களாக மாறி, ஒளிச்சேர்க்கையில் கிடைக்கும் உணவைப் பவளத்துக்குத் தருகின்றன. கடல்நீர் அளவுக்கு மேல் சூடானால் இந்தக் கூட்டு முறிகிறது. உள்ளிருந்த செல்கள் வெளியேற, பவளம் வெளுத்துப்போகிறது. 2010-இலும் 2016-இலும் மன்னார் வளைகுடாவில் நடந்தது அதுதான். ஓரினம் பெருகினால் பவளம் சாகிறது, இன்னோரினம் வெளியேறினாலும் சாகிறது. கடலோர மாவட்டப் பள்ளிகளில் மீனவர் வீட்டுப் பிள்ளைகள் பூங்கோரையைப் பற்றி நமக்கே நிறையச் சொல்வார்கள். முதலில் அவர்களைப் பேச விட்டுவிட்டு, பிறகு செல்லின் படத்தை வரைவது நல்லது.

செய்து பார்க்க

உள்மாவட்டங்களில் இருப்பவர்களுக்கும் வழி உண்டு. சீராஷியம், பெரிடினியம் ஆகியவை ஏரிகளிலும் நீர்த்தேக்கங்களிலும் வாழ்கின்றன. சீராஷியத்துக்குக் கொம்புகள் இருப்பதால் எளிதில் கண்டுகொள்ளலாம். பழைய பருத்திப் புடவைத் துணியை எட்டு அடுக்காக மடித்தால், சுமார் 20 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவற்றை அது பிடித்துவிடும். வங்கதேசத்தில் ரீட்டா கோல்வெல் குழுவினர், காலரா கிருமியைச் சுமக்கும் மிதவை உயிரிகளை வடிகட்ட இந்த முறையைத்தான் கிராமங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மூன்று வாளி நீரை அதன் வழியே ஊற்றி, துணியைத் திருப்பிப் போட்டு ஒரு கிண்ணம் நீரில் அலசினால் போதும். மீன்கள் செத்து ஒதுங்கும் சமயத்தில் கடல்நீரை மட்டும் பிள்ளைகள் தொட வேண்டாம்.

அந்தக் கிண்ணத்து நீரில் ஒரு துளியைப் பள்ளி நுண்ணோக்கியிலோ, மனு பிரகாஷ் உருவாக்கிய காகித நுண்ணோக்கியான ஃபோல்ட்ஸ்கோப்பிலோ வைத்துப் பாருங்கள். முதலில் படம் வரையச் சொல்ல வேண்டாம். எது சுழன்றுகொண்டே நகர்கிறது என்று மட்டும் தேடச் சொல்லுங்கள். தேடிக் கண்டதும் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு துளி அயோடின் கரைசல் விடுங்கள். செல் பழுப்பேறி அசைவற்று நிற்கும். இடுப்புப் பள்ளம் அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.